மாட்டுக்குக் காட்டிய மரியாதை

ஹம்ஸியா மூன்றாவது கரண்டித் தண்ணீரை வாப்பாவின் உதட்டருகே கொண்டுபோனபோது பக்கத்து அறையில் துணி கிழிபடும் சத்தம் கேட்டது. நீளமான கிழிப்பு. நடுவில் ஒரு நிறுத்தம், பிறகு மறுபடியும். கரண்டி ஆடி, தண்ணீர் அவருடைய தாடிக்குள் இறங்கிவிட்டது.

வாப்பா புஹாரி கண்ணைத் திறந்தார். மூன்று நாளாக அவர் கண் திறப்பதே அபூர்வம். திறந்தாலும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது கதவைப் பார்த்தார்.

"என்ன சத்தம் அது?"

"ஒண்டுமில்ல வாப்பா. ஜன்னலுக்குத் திரை தைக்கத் துணி வெட்டுறாங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. அவள் பிறந்ததிலிருந்து இந்த வீட்டு ஜன்னல்களுக்குத் திரை இருந்ததில்லை. திரை போடலாம் என்று உம்மா கேட்ட போதெல்லாம், வெளிச்சத்துக்கு என்னத்துக்குத் துணி உடுத்தணும் என்று கேட்டு அடக்கியவர் இவர்தான்.

நேற்று முற்பகல் அவர் ஹம்ஸியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மகள், பயமா ஈக்கு" என்றார். நாற்பது வருடம் பதுளை மடுவத்தில் மாடறுத்த மனிதர். கட்டறுத்துக்கொண்டு கடைத்தெருவில் ஓடிய காளையை வெறுங்கையோடு மறித்தவர். பயம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. எதற்குப் பயம் என்று திருப்பிக் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. டாக்டர் கையை விரித்த பிறகு, வாப்பா பிழைக்க வேண்டும் என்று கேட்பதை அவளும் விட்டுவிட்டாள். பயப்படாமல் போக வேண்டும், அவ்வளவுதான். அதற்காக என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

கரண்டியை வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனாள்.

அவளுடைய அண்ணன் ஸரூக் கட்டில் நிறைய வெள்ளைத் துணியை விரித்து, ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றான். பள்ளிவாசல் லெப்பை முழம் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் கற்பூரம், பன்னீர்ப் போத்தல், சோப்பு. கதவு மூலையில் கழுவித் துடைத்த இரண்டு மம்பட்டிகள். ஸரூக் முன்னேற்பாட்டுக்காரன். அவன் பொறுப்பெடுத்த கலியாண வீட்டில் சோறு பற்றாமல் போனது என்று ஒருவரும் சொன்னதில்லை. மவுத்து வீட்டையும் அவன் அதே சுறுசுறுப்போடுதான் கையில் எடுத்திருந்தான்.

"நானா, என்ன செய்றீங்க?"

"நாளைக்குப் போயா. ஒரு கடையும் இல்ல. நேரத்தோட எடுத்து வெச்சிட்டா பொறகு ஓடித் திரியத் தேவயில்ல."

அவன் சொன்னது நியாயம்தான். ஞாயிறுக்குப் பதிலாகப் பௌத்தர்களின் போயா நாளை விடுமுறையாக்கியிருந்த காலம் அது. போயாவென்றால் துணிக்கடையும் பூட்டு, இவர்களுடைய இறைச்சிக்கடையும் பூட்டு, மடுவமும் பூட்டு.

"வாப்பாக்குக் கேக்குது நானா."

"அவருக்கு எங்க கேக்குற? நெனவே இல்லையே."

"என்ன சத்தமெண்டு கேட்டார்."

"கேட்டா என்ன? எல்லாரும் போற வழிதானே." அவன் மிச்சத் துணியையும் கிழிக்க முனையைப் பல்லில் வைத்தான்.

ஹம்ஸியாவுக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. குரல் மட்டும் எழும்பவில்லை.

"மாட்டுக்கு முன்னால கத்தி தீட்டினான் எண்டு போன மாசம் ஒரு வேலக்காரன அறைஞ்சீங்கதானே? மாட்டுக்குக் குடுக்குற மரியாத வாப்பாக்கு இல்லையா?"

லெப்பை முழம் போடுவதை நிறுத்தினார். ஸரூக் துணியை வாயிலிருந்து எடுத்தான். அறுக்கும் மாட்டுக்குக் கத்தியைக் காட்டக் கூடாது, தண்ணீர் கொடுக்காமல் சாய்க்கக் கூடாது, ஒரு மாடு பார்த்திருக்க இன்னொன்றை அறுக்கக் கூடாது. மார்க்கம் சொன்ன ஒழுங்குதான். ஆனால் புஹாரியிடம் வேலை பார்த்தவர்களுக்கு அது அடி வாங்கிப் படித்த பாடம். அதில் முதல் அடி வாங்கியவனே ஸரூக்தான்.

அவன் துணியை நாலாக மடித்தான். கற்பூரத்தையும் பன்னீரையும் அதன் மேல் வைத்து, அப்படியே தூக்கிக்கொண்டு பின்வாசலால் அடுத்த வீட்டுக்குப் போனான். திரும்பி வந்து மம்பட்டிகளை எடுத்துப் போனான். முன்கூடத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த மாமியிடம் காதோடு காதாக ஏதோ சொல்ல, அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கே குர்ஆனிலிருந்து யாஸீன் ஓதிக்கொண்டிருந்தவர்களின் குரலும் தணிந்தது. அரைமணி நேரத்தில் வீடு மடுவத்தின் ஒழுங்குக்கு வந்துவிட்டது. அதை நினைத்து ஹம்ஸியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பகல் திரும்பும் நேரத்தில் ரெங்கம்மா வந்தாள். தெமோதரைத் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்துக்காரி. பால் வற்றிய மாடுகளை வாப்பாவுக்கு விற்ற குடும்பம். கையில் ஒரு போத்தல் பாலோடு வாசலிலேயே நின்றாள்.

"மொதலாளிக்கு முடியலன்னு சொன்னாங்க. எழுப்ப வேணாங்க, சும்மா பாத்துட்டுப் போறேன்."

எட்டிப் பார்த்துவிட்டு வந்து அவள் அடுப்படிப் படியில் உட்கார்ந்தாள். ஹம்ஸியா தேத்தண்ணீர் கொடுத்தாள்.

"எங்க செவலைய இவருகிட்டதான் குடுத்தோம். அத ஓட்டிட்டுப் போறப்ப எனக்கு மனசே கேக்கல. அவருக்குத் தெரியாம பின்னாலயே நடந்தேன். ஸ்டேஷன் கிட்ட போனதும் அது நின்னுக்கிச்சு, நகர மாட்டேன்னுச்சு. அடிக்கப் போறாருன்னு நெனச்சேன். அடிக்கலீங்க. அது காதுகிட்ட பேச ஆரம்பிச்சிட்டாரு."

"என்ன பேசினார்?"

"என்னத்த பேசுறது. வழியத்தான் சொன்னாரு. இந்தா பாலம் வருது, இந்தா லாரி வருது பயப்படாத, அந்தாண்ட ஒரு பீலி இருக்கு, தண்ணி குடிச்சிக்கலாம்னு. அதுவும் நடந்துச்சு. ஒரு மைலு தூரம் கேட்டுட்டு நான் லயத்து வீட்டுக்குத் திரும்பிட்டேன்."

ஹம்ஸியாவுக்கு இது புதுச் செய்தி. வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம் என்றிருந்த மனிதர், யாரோ வீட்டு மாட்டோடு தெமோதரையிலிருந்து பதுளை வரைக்கும் பேசிக்கொண்டு வந்திருக்கிறார். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ரெங்கம்மா போன பிறகு ஸரூக் அவளைக் கூப்பிட்டான். வாப்பாவின் மூச்சு மாறியிருந்தது. இழுத்து, நின்று, யோசித்து மறுபடி இழுத்தது. அதே அறையின் மறு கட்டிலில் உம்மா நூருல் இனாயா கிடந்தாள். ஒரு வருடமாக நெஞ்சு நோயாளி.

"உம்மாவ மத்த ரூமுக்குக் கொண்டு போவம்" என்றான் ஸரூக். "அவங்க இதப் பாக்க வாணாம். தாங்க மாட்டாங்க."

ஹம்ஸியாவும் அதைத்தான் நினைத்திருந்தாள். இரண்டு பேரும் உம்மாவின் கட்டிலை நெருங்கினார்கள். தூங்குகிறாள் என்று நினைத்த உம்மா கையை உதறினாள்.

"என்னய ஏன் தூக்குற?"

"அங்க காத்து வரும் உம்மா."

"காத்து எனக்குத் தேவயில்ல. காலையில இருந்து நீங்க ரெண்டு பேரும் பேசினதெல்லாம் கேட்டுட்டுத்தான் கெடக்குறன். நான் என்ன மாடா, பக்கத்தில நிண்டு பாக்கக் கூடாதெண்டு சொல்ல? அம்பது வருஷம் இவரோட இருந்தன். கடைசியில மட்டும் என்னய வெளியில அனுப்பவா?"

எதிர்க் கட்டிலில் ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்து ஹம்ஸியா ஓடினாள். வாப்பா சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பென்று பெரிதாகச் சொல்வதற்கில்லை, தாடி கொஞ்சம் அசைந்தது.

"அவள இங்க கொண்டா" என்றார்.

ஸரூக் உம்மாவைத் தூக்கி வந்து வாப்பாவின் தலைமாட்டில் நாற்காலியில் இருத்தினான். அவள் அவருடைய நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். பிள்ளைகள் முன்னால் அவள் அவரைத் தொட்டு ஹம்ஸியா பார்த்ததில்லை.

"வெள்ளத் துணிதானே கிழிச்ச?" என்று வாப்பா கேட்டார்.

ஹம்ஸியா ஸரூக்கைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"ஓம் வாப்பா" என்றாள்.

"மாட்டுக்கும் தெரியும் மகள்." அவர் மூச்சுக்காகக் காத்திருந்தார். "மடுவத்து வாசல்லயே தெரிஞ்சிரும். நாப்பது வருஷமும் தெரிஞ்சிக்கிட்டுத்தான் வந்திச்சுகள்."

"அப்ப ஏன் வாப்பா கத்திய மறைச்சீங்க?"

கேட்டது ஸரூக். அவர் முகத்தை அவன் பக்கம் திருப்பினார்.

"மறைக்காம எப்பிடி மகன் அதுக்குக் கிட்டப் போற?"

ஹம்ஸியா கரண்டியை எடுத்தாள். இரண்டு துளி இறங்கியது, மற்றது வெளியே வழிந்தது. அவள் துடைத்துவிட்டாள்.

"இப்பவும் பயமா ஈக்கா வாப்பா?"

"ஈக்கு" என்றார். பிறகு, "நீ பேசிட்டு இரு."

என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். திரையில்லாத ஜன்னல் என்பதால் தெரு அப்படியே தெரிந்தது.

"மழ விட்டிருச்சு வாப்பா. ரோட்டுல தண்ணி ஓடுது. மொனராகலை பஸ் போகுது, கூட்டம் இல்ல. பள்ளிக்கூடம் விட்டுட்டாங்க. ஒரு புள்ள செருப்பக் கையில எடுத்துட்டுப் போறா. வெத்தலக்கடைக்காரர் பலகையெல்லாம் போட்டுப் பூட்டுறார், நாளைக்குப் போயாதானே. ரெண்டு ஆடு நம்மட கடத் திண்டுல ஏறிப் படுத்திருக்கு. ஆரும் வெரட்டல்ல."

"அது தாயும் குட்டியும்" என்றாள் உம்மா, அவர் காதருகே குனிந்து.

உள்ளே வந்த லெப்பை மெல்லிய குரலில் கலிமாவைச் சொன்னார். வாப்பாவின் உதடு அதனோடு அசைந்தது. கால்மாட்டில் உட்கார்ந்து பாதங்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த ஸரூக்கும் கூடவே சொன்னான். ஹம்ஸியா நிறுத்தவில்லை. தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏற்றத்தில் ஏறுவதைச் சொன்னாள். மேலே வெயில் வந்துவிட்டதைச் சொன்னாள். சைக்கிள்காரர் ஏற்றத்தை முடித்து உச்சியில் நிற்கிறார் என்று சொல்லிவிட்டுத் திரும்பியபோது உம்மா அவருடைய கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.

"போதும் மகள்" என்றாள். "போய்ச் சேந்துட்டார்."

முன்கூடத்தில் அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் ஒரேயடியாக உடைத்துக்கொண்டு வந்தது. ஹம்ஸியாவும் அழுதாள். பயம் போயிற்றா இல்லையா என்று இனி அவளுக்குத் தெரியப்போவதில்லை. அந்த முகத்தில் அதைத் தேடினாள். களைத்துப்போன மனிதரின் முகம், அதற்கு மேல் அவளால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

லெப்பை தாடையைக் கட்டினார். கைகளை நேராக்கினார். பிறகு ஒரு சின்னத் துணிப் பட்டியை ஸரூக்கிடம் நீட்டி, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டச் சொன்னார்.

ஸரூக் பட்டியை இடது பெருவிரலில் சுற்றினான். வலது காலைப் பிடித்தான். அப்படியே நின்றுவிட்டான்.

மாட்டைச் சாய்க்கும்போது மூன்று கால்களைத்தான் கட்டுவார்கள். வலது பின்னங்காலைக் கட்டாமல் விடுவார்கள், அது உதறி ஆறிக்கொள்ளட்டும் என்று. எத்தனையோ மாடுகளைக் கட்டிய கை அது. அந்த ஒரு காலைக் கட்டி அதற்குப் பழக்கமில்லை.

"கட்டுங்க தம்பி, வெறைக்க முந்தி" என்றார் லெப்பை.

ஸரூக் உம்மாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் குனிந்து கட்டினான். ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டு, மிகவும் தளர்த்தித்தான் கட்டினான்.

"அவுந்திருமே" என்றார் லெப்பை.

"அவுந்தா அவுழட்டும்" என்றான் ஸரூக்.