படத்தைத் தூக்கிவிட்டார்கள்

வெள்ளிக்கிழமை காலைக் காட்சி தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஐஸ்காரர் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றார். திரையை அவர் பார்க்கவில்லை. இருட்டில் தலைகளைத் தேடிக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு காதல் ஜோடி. அவர்களுக்குத் திரையில் என்ன ஓடினாலும் ஒன்றுதான். நடுவில் ஒருவர் முன் நாற்காலி மேல் காலைப் போட்டுக்கொண்டு குறட்டை விட்டார். இந்தப் பக்கம் கல்லூரிப் பையன்கள் சிலர், முகத்தில் செல்போன் வெளிச்சத்தோடு. விரல் விட்டு எண்ணிவிடலாம். எண்ணினார். மறுபடியும் எண்ணினார். யாரும் கூடவில்லை.

கதவைச் சத்தமில்லாமல் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

சினிமாக்காரர்கள்தான் அவருக்கு ஐஸ்காரர் என்று பெயர் வைத்தார்கள். அப்பா விட்டுப்போன ஐஸ் ஃபேக்டரியைப் போன வருஷம் வரை நடத்திக்கொண்டிருந்தவர். சினிமாவுக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. தங்கைக்குத்தான் அந்தப் பைத்தியம். ‘இரவல் நினைவு’ என்று ஒரு கதையை எழுதிவைத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள், “ஹீரோ யாரும்மா?” என்று கேட்டார்கள். ஹீரோ கிடையாது, ஒரு நர்ஸ்தான் கதையே என்றதும் டீ க்ளாஸ் காலியாகும்வரை மரியாதைக்குப் பேசிக்கொண்டிருந்துவிட்டு அனுப்பிவைத்தார்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்தவள் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட வராமல் கிடந்தாள். கதவுக்கு வெளியே நின்று, “நான் இல்லையா உனக்கு?” என்று அண்ணன் கேட்டார். அப்படித்தான் ஃபேக்டரி, தங்கை இயக்கிய படமாக மாறியது.

“அங்க வேலை செய்யறவங்க?” என்று தங்கை அப்போது கேட்கத்தான் செய்தாள்.

“வாங்கறவர் அப்படியே நடத்தப் போறார். ஒருத்தருக்கும் வேலை போகாது” என்றார்.

இடைவேளைக்கு முன்னாலேயே விநியோகஸ்தர் போன் செய்துவிட்டார். “சார், உள்ளதச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எல்லா ஊர்லயும் இதே நிலவரம்தான். சாயந்திரம் காட்சிக்கும் ஆள் வரலைன்னா நாளைக்கு ஸ்கிரீனை அந்தப் பேய்ப் படத்துக்குக் குடுத்துடுவாங்க.”

“ரெண்டு நாள் பொறுங்க. பார்த்தவங்க நாலு பேர்கிட்ட சொல்ல மாட்டாங்களா?”

“பார்த்தாத்தானே சார் சொல்றதுக்கு?”

அதே வளாகத்தில் பக்கத்து அரங்கில்தான் அந்தப் பேய்ப் படம். சிரிப்புப் பேய். டிக்கெட் கவுண்டரிலிருந்து வாசல்வரை கூட்டம் நெளிந்தது. டிக்கெட் தீர்ந்துபோய்த் திரும்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தை ஐஸ்காரர் மறித்தார். வாழ்நாளில் யாரிடமும் எதையும் கூவி விற்றவரில்லை. ஐஸைத் தேடி வண்டிகள்தான் அவரிடம் வரும்.

“இந்தப் பக்கம் ஒரு நல்ல படம் ஓடுதுங்க. சயின்ஸ் ஃபிக்‌ஷன் த்ரில்லர். ஒரு மருந்து, அதைச் சாப்பிட்டுத் தூங்கினா நம்ம நினைவு இன்னொருத்தர் தலைக்குள்ள போயிடும். ஒரு நர்ஸ் எழுந்திருக்கிறா, அவ தலைக்குள்ள ஒரு கொலை…”

“சயின்ஸா?” குடும்பத் தலைவர் தன் பிள்ளைகளைக் காட்டினார். “ரெண்டும் அதுலதான் சார் ஃபெயில். இன்னிக்கு ஒருநாளாவது நிம்மதியா இருக்கட்டுமே.”

“பாட்டு இருக்கா?” என்றாள் அவர் மனைவி, கொஞ்சம் இரக்கத்தோடு.

“ஒண்ணு இருக்கு.”

“சிரிப்பு?”

ஐஸ்காரர் யோசித்தார். படத்தில் யாரும் சிரிப்பதாகக்கூட அவருக்கு ஞாபகம் வரவில்லை. “இருக்கு” என்றார். அந்த ‘இருக்கு’ தொண்டையை விட்டு வெளியே வந்த லட்சணத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

வாயிற்காவலர் வந்து தோளைத் தொட்டார். “இங்க நின்னு ஆள் பிடிக்கக் கூடாதுங்க.”

“நான் இந்தப் படத்தோட தயாரிப்பாளர்.”

காவலர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப உள்ள போய் உட்காருங்க சார். ஒரு ஆளாவது கூடும்.” கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே யோசனை சொன்னார்.

தங்கை சாயந்திரக் காட்சிக்கு இங்கே வருவதாகச் சொல்லியிருந்தாள். காலையிலிருந்து போன் மேல் போன். “அண்ணா, கூட்டம் எப்படி?” ஒவ்வொரு முறையும் “பரவாயில்ல, ஏறிட்டிருக்கு” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வந்து இந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்துவிடக் கூடாது. கார் நிறுத்துமிடத்தில், தூணுக்குப் பின்னால் மறைந்து நின்றுகொண்டு மேஸ்திரியின் எண்ணைத் தேடினார். ஃபேக்டரியை விற்றபின் ஒருமுறைகூடக் கூப்பிடாத எண்.

“மேஸ்திரி, நான்தான்.”

“சொல்லுங்க முதலாளி.” குரலில் கோபமில்லை. அந்த ‘முதலாளி’ இன்னும் அப்படியே இருந்தது.

“பாப்பா படம் இன்னிக்கு வந்திருக்கு. சாயந்திரம் நம்ம ஆளுங்களைக் கூட்டிட்டு வர முடியுமா? குடும்பத்தோட. டிக்கெட்டெல்லாம் நான் எடுத்துடறேன்.”

 

“எத்தனை பேர் வேணும்?”

“எத்தனை பேர் வந்தாலும் சரி.”

“எல்லாரும் வருவாங்க. இப்ப யாருக்கு என்ன வேலை இருக்கு?” என்றார் மேஸ்திரி. குத்திக்காட்டவில்லை. கணக்குப் போட்டுச் சொன்ன மாதிரிதான் சொன்னார். அதைத்தான் ஐஸ்காரரால் தாங்க முடியவில்லை.

சாயந்திரம் வந்தார்கள். ஐஸ் பாளங்களை இழுத்து இழுத்துத் தோள் இறங்கிப்போன மனிதர்கள், துவைத்து மடித்த சட்டையில். மனைவிமார்கள், பிள்ளைகள், ஒரு கைக்குழந்தை. மாஜி முதலாளியைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். அவர் டிக்கெட்டுகளைக் கொத்தாக மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் நகர்ந்தார்.

விளக்கு அணைந்தபின்தான் தங்கை வந்து சேர்ந்தாள். கதவைத் தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள். முக்கால்வாசி அரங்கு நிறைந்திருந்தது. இருட்டில் அண்ணனின் கையைத் தேடிப் பிடித்தாள். அவள் கை சில்லிட்டிருந்தது. “அண்ணா” என்றாள்.

திரையில் தயாரிப்பாளர் பெயர் வந்ததும் அரங்கே கைதட்டியது.

“உன் பேருக்கு எதுக்குண்ணா தட்டறாங்க?” என்று சிரித்தாள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் ஓடிய இடத்தில் தட்டினார்கள், விழுந்த இடத்தில் தட்டினார்கள், சும்மா கதவைத் திறந்தபோதும் தட்டினார்கள். வாங்கிய டிக்கெட்டுக்கு வஞ்சகமில்லாமல் தட்டினார்கள். தங்கை ஒவ்வொரு தட்டலுக்கும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இடைவேளையில் வராந்தாவில் மேஸ்திரி எதிரே வந்துவிட்டார். பாப்கார்ன் பொட்டலத்தை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்திருந்தார்.

“மேஸ்திரிண்ணா!” தங்கைக்குச் சந்தோஷம் தாளவில்லை. “நீங்களும் வந்திருக்கீங்களா? வேலையை முடிச்சுட்டு நேரா வந்தீங்களா? ஃபேக்டரி எப்படிப் போகுது?”

மேஸ்திரி ஐஸ்காரரைப் பார்த்தார். ஐஸ்காரர் தரையைப் பார்த்தார்.

“ஃபேக்டரி ஏதும்மா? வாங்கின கையோட இடிச்சுட்டாங்களே. இப்ப அங்க கார் விக்கிற கடை. முழுக்கக் கண்ணாடி.” தப்பாக எதையோ சொல்லிவிட்டோம் என்று அவருக்குச் சட்டென்று உறைத்தது. “பாப்பாவுக்குத் தெரியும்னு நெனச்சேன்” என்று முனகிவிட்டு அரங்குக்குள் நுழைந்துகொண்டார்.

அவள் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தாள். வரிசை வரிசையாகப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாக அடையாளம் தெரிய ஆரம்பித்தது.

“எல்லாரும் நீ கூட்டிட்டு வந்தவங்களா?”

“பாப்பா, இங்க வேண்டாம். வீட்டுக்குப் போய்…”

“இடிக்கப் போறாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ படத்தை எடுத்திருக்க மாட்டே.”

“எடுத்திருக்க மாட்டேன்தான்!” பக்கத்தில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அவள் குரலை இறக்கினாள். “இவங்க சோத்துல மண்ணப் போட்டுட்டு, இவங்களையே கூப்பிட்டு எனக்குக் கைதட்ட வெச்சிருக்கே. நான் அதை நம்பி உட்கார்ந்திருந்தேன். உனக்கு எப்படிண்ணா மனசு வந்துச்சு?”

“வேற எங்க போறதுன்னு தெரியல பாப்பா.” ஐம்பதை நெருங்குகிற மனிதர் சுவரில் சாய்ந்து நின்று சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தார். “காலையில உள்ள ஈ ஓட்டிட்டிருந்தாங்க. நீ அதைப் பார்த்துடக் கூடாதுன்னு மட்டும்தான் நெனச்சேன்.”

அவள் பின்பாதிக்கு உள்ளே போகவில்லை. படம் முடியும்வரை வராந்தாவிலேயே நின்றாள். கதவு திறந்து ஆட்கள் வெளியே வந்ததும் வாசலை மறித்தாற்போல் நின்று, “படம் எப்படி இருந்துச்சு? நெஜத்தச் சொல்லுங்க” என்று மேஸ்திரியைக் கேட்டாள்.

அவர் தலையைச் சொறிந்தார். “முன்பாதி போச்சும்மா. பின்பாதி இழுவை. யார் நினைவு யார்கிட்ட போச்சுன்னு நடுவுல விட்டுப்போச்சு.” கொஞ்சம் தயங்கினார். “ஆனா பாப்பா உழைச்சிருக்குன்னு தெரியுது.”

அவள் சிரிக்கத்தான் வாயெடுத்தாள். அழுகை முந்திக்கொண்டது. மேஸ்திரியின் மனைவி அவள் முதுகைத் தடவிவிட்டு நடந்தாள்.

சனிக்கிழமை ஸ்கிரீன் போய்விட்டது. நேற்று சாயந்திரம்தான் அரங்கு நிறைந்ததே என்று ஐஸ்காரர் விநியோகஸ்தரின் ஆபீசுக்கே போய்ச் சண்டை போட்டார். “ஒரே ஆள் மொத்தமா அள்ளின டிக்கெட்னு மேனேஜருக்குத் தெரியாதா சார்?” என்றார் அவர். “இது நடக்காத விஷயமில்ல. பெரிய பெரிய ஆளுங்களே செய்வாங்க. அவங்க பத்து நாளைக்குச் செய்வாங்க, நீங்க ஒரு காட்சிக்குச் செஞ்சீங்க.” நல்ல மனிதர்தான். எழுந்து வந்து வாசல்வரை கூட நடந்தார். அந்த மரியாதைதான் காரியம் முடிந்துவிட்டது என்பதைத் தெளிவாகச் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு தியேட்டர் மிச்சமிருந்தது. ஊர்க்கோடியில், பஸ் டிப்போவுக்கு எதிரில், ஏசி பாதி வேலை செய்கிற பழைய கட்டடம். மதியக் காட்சி. இரண்டு நாளாக அண்ணனோடு பேசாதிருந்த தங்கை, செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, “வா, போலாம்” என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே அவர்களைத் தவிர சிலர்தான். ஐஸ்காரர் இந்தத் தடவை எண்ணவில்லை, போனை எடுக்கவும் இல்லை. தலைகளை மறந்து திரையைப் பார்த்தார். அந்தக் கொலை நினைவுக்குச் சொந்தக்காரரைத் தேடி நர்ஸ் ஒவ்வொரு வீடாகக் கதவு தட்டிக்கொண்டு போனாள். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் திரை இருண்டது. விளக்குகள் எரிந்தன. மேனேஜர் வந்து, கரண்டுச் செலவுக்கே கட்டுப்படியாகவில்லை, எல்லாரும் கவுண்டரில் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றார். இரண்டு பேர் ‘அப்பாடா’ என்று எழுந்தார்கள். படத்தை எடுத்தவர்கள் உள்ளே உட்கார்ந்திருப்பது மேனேஜருக்குத் தெரியாது. தெரிவிக்க இருவருக்கும் தெம்பில்லை.

வெளியே படிக்கட்டில் வெயில் சுட்டது. அவர்களுக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெண், பஸ் கண்டக்டர் சீருடையில் இருந்தவள், திரும்பி நின்று யாரிடமென்றில்லாமல் கத்தினாள். “இது என்ன நியாயம்? பணத்தை யார் கேட்டா? யார் கொன்னான்னு தெரியாம நான் எப்படி டியூட்டிக்குப் போறது?”

தங்கை ஒரு படி இறங்கினாள். “நான் சொல்லட்டுமா?”

“உங்களுக்குத் தெரியுமா? ஏற்கெனவே பார்த்துட்டீங்களா?”

“ம்.”

படிக்கட்டிலேயே உட்கார்ந்து சொன்னாள். முதலில் மென்றுமென்று சொன்னாள். பிறகு எழுந்து, கையை வீசி, நர்ஸ் கதவைத் திறப்பதையும் உறைந்து நிற்பதையும் நடித்தே காட்டினாள். கொன்றது நர்ஸின் அம்மா. தன் குழந்தையைக் காப்பாற்றத்தான் கொன்றாள். அந்த நினைவைத் தாங்க முடியாமல் மருந்தைச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டாள். அது எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் மகளுக்கே வந்து சேர்ந்தது.

“அப்ப அந்த அம்மாவுக்கு ஒண்ணுமே ஞாபகமில்லையா?”

“இல்ல.”

“பொண்ணு போய்ச் சொல்லிடுவாளா?”

“சொல்ல மாட்டா. தானே வெச்சுக்குவா. அம்மா பக்கத்துல படுத்துத் தூங்குவா, இவ முழிச்சுட்டே இருப்பா. அதோட முடியுது.”

எதிரே ஒரு பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டர் நகரவில்லை. “பாவி” என்றாள், நர்ஸையா அம்மாவையா என்று சொல்லாமல். அப்புறம் பையைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்து போனாள். ஒரு நன்றியோ, படம் நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தையோ இல்லை.

தங்கை படியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏணியோடு வந்த ஆள் ஒருவர், “கொஞ்சம் நகருங்கம்மா” என்று சொல்லிவிட்டு, தலைக்கு மேலே இருந்த பேனரின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். இருவரும் தள்ளி உட்கார்ந்தார்கள்.

“நாளைக்குக் காலையில மேஸ்திரி வீட்டுக்குப் போறேன்” என்றார் ஐஸ்காரர்.

“போய் என்ன சொல்லப் போறே?”

“தெரியல.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “நானும் வரேன்” என்றாள்.