ஆறரைப் புள்ளி

நவம்பர் குளிரில் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் செத்துப்போயிருந்தது. புதியதற்கு முன்பணமாக அம்மா சேர்த்துவைத்த தொள்ளாயிரம் டாலரை அப்பா ஒரு ஆட்டத்தின் மேல் கட்டிவிட்டார். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற எங்கள் ஊர்க் கால்பந்து. ஆடுவது என் தம்பி டிரெண்டின் கல்லூரி அணி.

"என் ரத்தம் தோக்குமா?" என்பதுதான் அப்பா ரூடியின் புள்ளியியல். நான் நிஜப் புள்ளியியலில் பட்டம் வாங்கியவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரியை முடித்த முதல் ஆள். அதனால் வீட்டில் என் பேச்சுக்கு ரேடியோ விளம்பரத்துக்குள்ள மரியாதை உண்டு.

எங்கள் ஊரான யங்ஸ்டவுனில் டார்லீன் நடத்தும் பாரில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

"அப்பா, பந்தய ஆப்புல நம்ம டீமுக்கு மைனஸ் ஆறரைன்னு போட்டிருக்கே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"நம்மாளுங்க ஜெயிப்பாங்கன்னு அர்த்தம்."

"ஏழு புள்ளி வித்தியாசத்துலயாவது ஜெயிக்கணும்னு அர்த்தம். ஆறுல ஜெயிச்சாலும் காசு போச்சு. நம்ம ஸ்கோர்ல ஆறரையக் கழிச்சுட்டுத்தான் பந்தயக்காரன் உனக்குக் கணக்கு பாப்பான்."

"அரைப் புள்ளிய எவன் அடிப்பான்?" என்று டார்லீன் சிரித்தாள்.

"எவனாலயும் முடியாது. சமமா முடிஞ்சுதுன்னு காசத் திருப்பித் தரக்கூடாதில்ல, அதுக்குத்தான் அந்த அரை."

"படிச்ச திமிரு," என்றார் அப்பா, கோழி இறக்கையைக் கடித்துக்கொண்டே. "ஜெயிச்சா ஜெயிச்சதுதான்டி."

ஆட்டம் முடியச் சற்று நேரமே இருந்தது. டிரெண்டின் அணி நான்கு புள்ளி முன்னிலை. பந்து அவன் கைக்கு வந்தது. ஓடினான். எதிரே ஒருவனும் இல்லை. எல்லைக்கோட்டைத் தாண்டினால் இன்னும் ஆறு, முன்னிலை பத்தாகிவிடும். அப்பா ஸ்டூல் மேலேயே ஏறிவிட்டார்.

கோட்டுக்கு இரண்டு கஜம் முன்னால் டிரெண்ட் தானாகப் படுத்துக்கொண்டான், தன் வீட்டுக் கட்டிலில் படுப்பதுபோல.

புத்திசாலி ஆட்டக்காரன் அதைத்தான் செய்வான். புள்ளி எடுத்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும். படுத்தால் பந்து நம்மிடமே. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் வாய்ப்பும் எதிரணிக்குத் தீர்ந்துவிட்டது, கடிகாரம் ஓடி முடிந்துவிடும். முடிந்தது. நான்கே புள்ளியில் வெற்றி. பாரே கட்டிப்பிடித்துக் கத்தியது.

"எந்திரிடா! உருண்டாவது போடா, பாவி!" என்று அப்பா மட்டும் டிவியைத் திட்டிக்கொண்டிருந்தார். மகன் ஜெயித்ததற்கு ஊரிலேயே அழுத ஒரே ஆள் அவர்தான்.

கொஞ்ச நேரத்தில் டிரெண்ட் வீடியோவில் அழைத்தான். முகமெல்லாம் சேறு, சிரிப்பு.

"அப்பா, பாத்தியா? தனக்குன்னு யோசிக்காத பையன்னு கோச் எல்லார் முன்னாலயும் சொன்னாரு!"

அப்பாவின் வாய் திறந்தது. நான் அவர் முழங்காலில் உதைத்தேன். பந்தயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும், இனி ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்தப் பையன் பந்தோடு எங்கள் ஹீட்டரையும் சுமந்துகொண்டு ஓடுவான்.

"பாத்தேன்டா," என்றார். "நல்லா... நல்லாப் படுத்த."

அழைப்பு முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கே பாவமாக இருந்தது. அதற்குள் அவர் விரல் பந்தய ஆப்பில் மேய ஆரம்பித்துவிட்டது.

"அடுத்த வாரம் மூணரைதான் போட்டிருக்கான். அப்போ நாலுல ஜெயிச்சாலே நமக்குக் காசு. இல்ல?"

ஒருவழியாக அவருக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்தபோது எனக்கு இவ்வளவு பயம் இல்லை.

அவருடைய குளிர்கோட்டை எடுத்து அவர் மடியில் போட்டேன். "எந்திரி. அம்மாகிட்ட நீயே சொல்லு."

அவர் டார்லீனிடம் இன்னொரு பீர் கேட்டார்.