ஊசிக்கு முன் ஒரு கேள்வி

மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே களை வெட்டும்போது விருத்தாம்பாளின் காலில் களைக்கொத்து இறங்கிவிட்டது. காயம் சீழ் பிடித்துக் கணுக்கால் வரை வீங்கியதும், புருஷன் பாவாடை அவளைச் செஞ்சி கடைத்தெரு டாக்டரிடம் கூட்டிப்போனான். பெரிய பெயரெடுத்தவர். வாசலில் எப்போதும் கூட்டம்.

டாக்டர் காலை எட்டிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பவுண்டரிடம், "பென்சிலின் போடு" என்றார்.

விருத்தாம்பாளுக்குப் பகீரென்றது. மூத்தவனைப் பெற்ற சமயத்தில் அதே ஊசியைப் போட்டு, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டிச் செத்துப் பிழைத்தவள் அவள்.

"ஐயா, அந்த ஊசி எனக்கு ஆவாதுங்க. முன்ன போட்டப்ப மூச்சே நின்னுபோச்சு."

டாக்டர் பாவாடையைப் பார்த்துச் சிரித்தார். "வைத்தியம் நான் பாக்கறதா, உம் பொண்டாட்டி பாக்கறதா?"

பாவாடையும் கூடச் சிரித்தான். அதில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையைப் பிடிக்க வந்த கம்பவுண்டரை உதறிவிட்டு எழுந்தாள்.

"நான் செத்துப்பூடுவன்னு சொல்றன், உங்களுக்குச் சிரிப்பா இருக்குதா?"

நொண்டிக்கொண்டே தெருவுக்கு வந்தவளைப் பாவாடை துரத்திப் பிடித்தான். "இன்னாமே, பெரிய மனுஷன் எதிர்ல மானத்த வாங்கிட்ட!"

"உன் மானம் போனா திரும்ப வரும். என் உசுரு வருமா?"

அனந்தபுரம் பஸ்ஸில் போய் ஏறினாள். அங்கே ஒரு டாக்டர் நின்று நிதானித்துக் கேட்பார் என்று பக்கத்துக் கொல்லைப் பூவாயி சொல்லியிருந்தாள். முனகிக்கொண்டே பாவாடையும் ஏறினான்.

அந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்காம்மா?"

அவளுக்கு அழுகை முட்டியது. கோபம் இன்னும் கூடியது. இதைக் கேட்க அந்தக் கடைத்தெரு மனுஷனுக்கு வாய் வலித்ததா? எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரின் முகம் மாறியது.

"நல்லவேளை எழுந்து வந்தீங்க. மறுபடி போட்டிருந்தா உயிருக்கே ஆபத்து."

பாவாடை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். டாக்டர் சீழை எடுத்துக் கட்டுப்போட்டு, வேறு மாத்திரை கொடுத்தார்.

கால் ஆறியதும் அவள் செய்த முதல் காரியம், கடைத்தெரு டாக்டர் வாசலுக்குப் போனதுதான். காத்திருந்த பெண்களிடம் நடந்ததை உரக்கச் சொன்னாள். கம்பவுண்டர் விரட்ட வந்தான். பாவாடை குறுக்கே போய் நின்றான்.

"அது சொல்றது நெசம். நானும்தான் கூட இருந்தன்."

கைக்குழந்தைக்காரி ஒருத்தி மட்டும் எழுந்து அனந்தபுரம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள். மற்றவர்கள் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். விருத்தாம்பாளுக்கு வீடு வரைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.