ஐம்பத்திரண்டாம் பாகம்

அப்பாவின் நாற்காலியைத் தொலைக்காட்சிக்கு நேரே அவள் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் மறுபடியும் போனில் கூப்பிட்டான். மணி எட்டு ஐம்பது. ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை.

"வண்டி எப்போ வருதாம்?"

"பத்தரைக்கு. நேரா மின்மயானம்தான், வீட்டுக்கு வராது. ஒருத்தர் மட்டும் வரலாமாம். நான் போறேன்."

"இப்போ என்ன பண்ற?"

"டிவி போடப் போறேன்."

அண்ணன் இருப்பது வேறு ஊரில். சாலைகளை அடைத்துப் பதினெட்டு நாளாயிற்று. அழுது அழுது தொண்டை கட்டியிருந்த அவன் குரலில் இப்போது கோபம் ஏறியது.

"அப்பா போன அன்னைக்கு உனக்கு நாடகம் கேக்குதா?"

"பாத்துட்டு சொல்றேன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன். பாப்பேன்."

"இனிமே யார்கிட்ட சொல்லப் போற?"

"அவர்கிட்டதான். பத்தரை வரைக்கும் இருக்காரு இல்ல."

அவன் பட்டென்று வைத்துவிட்டான். வைத்தால் வைக்கட்டும் என்று அவளும் ரிமோட்டைத் தேடினாள்.

அப்பா துணை மின்நிலையத்தில் முப்பத்தாறு வருடம் ஷிஃப்ட் பார்த்தவர். அவருடைய பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது; கரண்ட்டுக்காரர் என்றால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன்பு ஞாயிறு மாலைகளில் ஒரு தொடர் வந்தது. விடுதி நடத்தும் ஓர் அம்மாள், கோபித்துக்கொண்டு ஓடிப்போன அவளுடைய மகன். ஒவ்வொரு வாரமும் முடிவில் யாரோ கதவைத் தட்டுவார்கள். அடுத்த வாரம் திறந்தால் வேறு யாராவது நிற்பார்கள். இப்படியே ஐம்பத்திரண்டு வாரம் ஊரைக் கட்டிப்போட்டார்கள். அப்பா ஐம்பத்தோரு வாரம் பார்த்தார். கடைசி வாரம் அவருக்கு மாலை ஷிஃப்ட். மாற்றிக்கொள்ள எவனும் முன்வரவில்லை, எவன் வருவான்? அன்றைக்கு மட்டும் கரண்ட் போயிருந்தால் மின்நிலையத்தின் கண்ணாடி ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. அப்பா போய் உட்கார்ந்தார். ஊர் நாடகத்தைப் பார்த்தது, அவர் மீட்டர்களைப் பார்த்தார்.

திரும்பி வந்தவர் வாசலிலேயே கையை உயர்த்திவிட்டாராம். "யாரும் வாயைத் திறக்கக் கூடாது. என்னைக்காவது திருப்பிப் போடுவான். நானே பாத்துக்கறேன்."

அவள் அப்போது கைக்குழந்தை. ஆறு வயது அண்ணன் பாதியிலேயே தூங்கிவிட்டான். முழுசாகப் பார்த்தது அம்மா மட்டும்தான். அம்மாவின் வாயில் எந்த ரகசியமும் ஒரு பொழுது தங்காது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் விஷயம் அந்தப் பெண்ணுக்கே அம்மா சொல்லித்தான் தெரிந்தது. இந்த ஒன்றை மட்டும் அவள் சொல்லவே இல்லை. எட்டு வருடத்துக்கு முன்பு சொல்லாமலே போய்ச் சேர்ந்தாள்.

பிறகு தொற்று வந்தது. படப்பிடிப்பெல்லாம் நின்று போய், போட ஒன்றும் இல்லாமல் சானல்காரர்கள் பழைய நாடாக்களைத் தூசி தட்டினார்கள். தினமும் காலை ஒன்பதுக்கு அதே தொடர். அப்பா எட்டரைக்கே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில், வேலைக்குப் போகிறவர்போல நாற்காலிக்கு வந்துவிடுவார். அந்தக் காலத்து விளம்பரங்களையும் சேர்த்துப் போடவில்லை என்பது மட்டும்தான் அவருக்குக் குறை. நாற்பத்து நான்காம் பாகத்தில் இருமத் தொடங்கினார். நாற்பத்தாறில் ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குப் பிறகு தினமும் மாலையில் ஒரு நர்ஸ் தன்னுடைய போனை அவர் காதருகே பிடித்துக்கொள்வாள். வீட்டிலிருந்து மகள் அன்றைய கதையைச் சொல்வாள். நேற்று ஐம்பத்தொன்று.

"நாளைக்குக் கடைசி," என்றார் ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு தேவைப்பட்டது. "நடுவுல அடுப்பைப் பாக்கறேன்னு எழுந்து போயிடாத."

"போக மாட்டேன்பா."

"பாத்துட்டு சொல்லணும்."

"சொல்றேன்."

ஒன்பது மணிக்குத் தொடர் ஆரம்பித்தது. கைகளை மடியில் கோத்துக்கொண்டு அவள் அசையாமல் பார்த்தாள். விடுதிக்கார அம்மாள் எல்லா அறைகளையும் பெருக்கினாள். ஒரு வாடகைக்காரர் விடைபெற்றார். ஒன்பது பன்னிரண்டுக்குக் கரண்ட் போயிற்று.

போனில் பார்க்கலாமென்றால், ராத்திரி முழுக்கக் கையிலேயே இருந்த போனில் ஒன்பது சதவீதம் சார்ஜ்தான் மிச்சம். ஆஸ்பத்திரிக்காரர்கள் கூப்பிடுவதற்கு அது வேண்டும். எழுத்துகளுக்கு முன்பே மனப்பாடமான எண்ணை அழுத்தினாள்.

"சப்ஸ்டேஷன்."

"கரண்ட்டுக்காரர் பொண்ணு பேசறேன்."

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "சொல்லும்மா. கேள்விப்பட்டேன். எனக்கு முதல் ஷிஃப்ட்டே ஐயாகூடத்தான்."

"எங்க தெருவுல கரண்ட் இல்ல சார்."

"நான்தான் நிறுத்தியிருக்கேன். முக்குக் கம்பத்துல ஆள் ஏறியிருக்கான். அரை மணி ஆகும்." அவர் தயங்கினார். "அவசரமாம்மா? போன் பண்ணி அவனை இறங்கச் சொல்றேன். ஒரு கால் மணி போட்டு விடறேன். ஐயாவுக்காக."

அவள் நாற்காலியைப் பார்த்தாள். கம்பத்தில் ஏறினவன் இறங்கி, நேரில் வந்து, 'லைன்ல யாரும் இல்ல, போடலாம்' என்று தன் வாயால் சொல்லாத வரைக்கும் அப்பா சுவிட்சைத் தொட்டதில்லை. அடுத்தவன் சொல்லி ஏற்க மாட்டார், போனில் சொன்னாலும் ஏற்க மாட்டார். ஒரு முறை ஒரு கல்யாண வீடே இருட்டில் நின்றது. பெண்வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் என்று பிரியாமல் ஒன்றாகச் சேர்ந்து திட்டினார்கள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு லைன்மேன் வரும் வழியையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"வேணாம் சார். வேலை முடியட்டும். அவரே நேர்ல வந்து சொன்னப்புறம் போடுங்க."

"சரிம்மா," என்றார் அவர். 

காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. கொடுத்த ஒரே வாக்கு, அதுவும் போயிற்றே என்று அழுதாள். ஒன்பது நாற்பதுக்குக் கரண்ட் திரும்பியபோது தொடர் முடிந்து, விளம்பரத்தில் யாரோ பல் துலக்கிக்கொண்டிருந்தான். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனாள்.

மின்மயானத்தில் உலைக் கொட்டகைக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். அவள் கயிற்றுக்கு இந்தப் பக்கம். தலை முதல் கால் வரை வெள்ளை உறை போட்ட இரண்டு பேர், ஜிப் போட்டு மூடிய நீளமான பையை வண்டியிலிருந்து இறக்கி, தண்டவாளத் தட்டின் மேல் வைத்தார்கள். அவ்வளவுதான் அப்பா. முகத்தைக் காட்ட முடியாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

போன் அடித்தது. அண்ணன்.

"பாத்தியா?" என்றான்.

"இல்ல. கரண்ட் போச்சு. கம்பத்துல ஆள் இருந்தாங்க."

 

"நான் பாத்தேன்," என்றான் அவன். "உன்னைத் திட்டி வச்சுட்டு, போய்ப் போட்டேன்."

"முழுசா?"

"முழுசா. அந்த அம்மா கடைசில..."

"என்கிட்ட சொல்லாத. அவர்கிட்ட சொல்லு."

ஸ்பீக்கரைப் போட்டு, கயிற்றுக்கு மேலே கை எட்டும் மட்டும் போனை நீட்டினாள்.

"சீக்கிரம்மா," என்றார் வெள்ளை உறையில் ஒருவர். "பின்னாடி ரெண்டு வண்டி நிக்குது."

"ரெண்டு நிமிஷம். அவர் பையன் பேசறான். முடிச்சுடட்டும்."

அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"அப்பா," என்றது போன். "கதவு தட்டுற சத்தம் கேட்டுச்சுப்பா. அந்த அம்மா எழுந்திருக்கல. எத்தனை தடவைதான் ஏமாறுறதுன்னு உக்காந்தே இருந்தாங்க. மறுபடி தட்டினாங்க. அப்புறம் போய்த் திறந்தாங்க." நிறுத்தினான். இரண்டு வெள்ளை உறைகளும் நின்று கேட்டன. "அவன்தான்பா. வந்துட்டான். மன்னிப்பு, அழுகை ஒண்ணும் கிடையாது. செருப்பைக் கழட்டி விட்டான். பசிக்குதும்மான்னான். அவங்க தட்டு எடுக்க உள்ள போனாங்க. அதோட முடிச்சுட்டான்."

 அவள் கையைத் தாழ்த்தவில்லை.

தட்டு தண்டவாளத்தில் உள்ளே நகர்ந்தது, இரும்புக் கதவு இறங்கியது. முன்பு பேசியவர் சுவரிலிருந்த பெரிய சுவிட்சில் கை வைத்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"போடலாமா?"

அவள் முகக்கவசத்தை இறக்கினாள்.

"லைன்ல யாரும் இல்ல," என்றாள். "போடலாம்."

கொட்டகைக் கூரையில் எரிந்துகொண்டிருந்த குண்டு பல்பு ஒரு முறை மங்கி, பிறகு பழையபடி எரிந்தது.