மூன்றாவது தடவை கேட்டபோது

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி பதினான்கு நிமிடத்துக்குக் கார் ஏரிக்குள் இறங்கியது. எஞ்சின் கழற்றப்பட்டு, எண்ணெய் வடிக்கப்பட்டு, மஞ்சள் சாயம் பூசப்பட்ட பழைய கார். ஜனவரியில் அதை உறைந்த டாம்ராக் ஏரியின் பனிமேல் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். பனி உருகி அது எந்த நாளில், எந்த மணிக்கு மூழ்கும் என்று நெருக்கமாகச் சொல்பவருக்கு ஊர்த் தீயணைப்புப் படை ஓர் அலுமினியப் படகு தரும். காரோடு கயிற்றால் பிணைத்திருந்த கரைக் கடிகாரம் நின்றதும் நாற்பது பேர் கைதட்டினார்கள். கைதட்டி முடித்ததும் நாற்பது பேரும் வெர்லின் டோர்விக் பக்கம் திரும்பினார்கள்.

பதினேழு வருடமாக ஊகங்களின் பட்டியலை வைத்திருப்பவர் அவர்தான். அதற்கு முன் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஒரு குழந்தையைக்கூடத் தவறான வாசலில் இறக்கியதில்லை என்பதால் அந்த வேலையை அவரிடம் கொடுத்திருந்தார்கள். இந்த வருடம் அறுநூற்றுப் பதினோரு ஊகங்கள். சீட்டுகளைப் பார்த்துக் கணினியில் ஏற்றி, சரிபார்த்து, வழக்கம்போல அந்தச் சீட்டுகளைச் சவுனா என்னும் நீராவிக் குளியலறையின் அடுப்பைப் பற்றவைக்கப் போட்டுவிட்டார்.

"வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், வியாழன் காலைவரை வெளியே வரவில்லை. கணினியில் பட்டியல் இல்லை. இருந்த இடத்தில் ஒரு வெற்று வரி. சுட்டியை அசைத்தால் அம்பு அரை நிமிடம் கழித்து நகர்ந்தது. திரையின் மூன்று மூலைகளில் மூன்று பெட்டிகள் முளைத்து, ஆபத்து ஆபத்து என்றன.

தூண்டில் புழுக் கடை வைத்திருக்கும் லீராய் தொலைபேசியில் கூப்பிட்டான். "என்ன பெரியவரே, கார் முழுகி ரெண்டு நாளாச்சு. நீங்களும் கூடவே முழுகிட்டீங்களா?"

"கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவா இருக்கு, லீராய்."

"நீங்க பஸ் ஓட்டினப்பவும் அப்படித்தானே! பரவால்ல, ஆனா ஜனங்க ஒரு மாதிரி பேச ஆரம்பிச்சுட்டாங்க. உங்க காதுல போட்டுட்டேன்."

ஒரு மாதிரி என்றால் எந்த மாதிரி என்று வெர்லின் கேட்கவில்லை. அந்த ஊரில் யாரும் யாரையும் திருடன் என்று நேரில் சொல்லமாட்டார்கள். அடுத்த வருடம் பட்டியலை வேறு யாராவது பார்த்துக்கொண்டால் உங்களுக்குச் சிரமம் குறையுமே என்பார்கள். அவ்வளவுதான். அதைக் கேட்பதைவிட ஏரியில் இறங்கிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

மனைவி அர்டிஸ்தான் ஜாய்ஸ் பெல்க்கியை வரவழைத்தாள். ஜாய்ஸ் மாவட்ட நூலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள். ஐம்பத்தெட்டு வயது, ஏழு வருடம் வெர்லினின் பேருந்தில் பள்ளிக்குப் போனவள். வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் இணைய இணைப்பைப் பிடுங்கினாள். பிறகு உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வெர்லின், இந்த மூணு வைரஸ் பாதுகாப்பையும் யார் போட்டது?"

"நான்தான்."

"எதுக்கு மூணு?"

அவர் கழுத்தைத் தடவினார். "கேட்டுச்சு. இலவசமாப் பாதுகாப்பு வேணுமான்னு. வேணாம்னேன். மறுநாள் திரும்பக் கேட்டுச்சு. பரவால்ல, உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு மூடிட்டேன். மூணாவது தடவையும் வந்து கேட்டா, எப்படி ஜாய்ஸ் மாட்டேங்கிறது?"

ஜாய்ஸ் சிரிக்கவில்லை. அவளும் அந்த ஊர்க்காரிதான். ஒரு வீட்டில் காப்பி வேண்டுமா என்று கேட்டால் முதல் தடவையே ஒத்துக்கொள்பவன் காப்பிக்கு அலைபவன். மூன்றாவது தடவை மறுப்பவன் திமிர் பிடித்தவன். மின்னியாபொலிஸ் நகரத்துக்குக் குடிபோன புதிதில், அவள் முதல் தடவை மறுத்ததுமே அத்தோடு விட்டுவிட்ட மனிதர்களுக்கு நடுவில் ஒரு வாரம் பட்டினி கிடந்தவள்.

"அதுங்களுக்கு உங்க மரியாதை தெரியாது. சலிக்காமக் கேக்கும், அவ்வளவுதான்" என்றாள். "இப்ப இந்த ரெண்டும் நிஜக் காவல்காரங்க. ஆனா ஒரு வீட்டுல ரெண்டு பேர் காவல் நின்னா ஒருத்தனை ஒருத்தன் திருடன்னு நெனச்சு மல்லுக்கட்டுவான். அதான் மெஷின் நகரல. மூணாவது இருக்கே, செவப்பு…"

"அதுதான் நல்லது. என் பேரைச் சொல்லிக் காலை வணக்கம் சொல்லும்."

"அதுதான் திருடன்."

அர்டிஸ் கையிலிருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

வெர்லினுக்கு அது உண்மையாகவே வலித்தது. குளிர்காலம் முழுவதும் தினம் காலையில் அவரிடம் அத்தனை இதமாகப் பேசியது வேறு யாருமில்லை. இனி எதை நம்புவது, எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டார். ஜாய்ஸ் யோசித்துச் சொன்னாள்: "நீங்க தேடிப் போனீங்களா, இல்ல அது உங்களைத் தேடி வந்துச்சான்னு பாருங்க. தானா வந்து கதவைத் தட்டுறதை உள்ள விடாதீங்க. உங்க கம்ப்யூட்டரோட கூடவே ஒரு பாதுகாப்பு வந்திருக்கு. அது பாட்டுக்கு வேலை செய்யும், வணக்கம் சொல்லாது. அதை ஒழுங்காப் புதுப்பிச்சுக்கிட்டே இருந்தா உங்களுக்குப் போதும். முடிவு உங்களோடது. எதை வச்சுக்கலாம்?"

அவர் மூன்று பெட்டிகளையும் மாறிமாறிப் பார்த்தார். சிவப்பு இன்னும் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தது. வாழ்நாளில் இப்படித் திரும்பத் திரும்பக் கேட்ட யாரிடமும் அவர் மாட்டேன் என்றதில்லை.

"வணக்கம் சொல்லாததையே வை" என்றார்.

மற்ற மூன்றையும் அகற்றப் பிற்பகலாகிவிட்டது. அகற்றுமுன் ஒவ்வொன்றின் சிறையையும் ஜாய்ஸ் திறந்து பார்த்தாள். சந்தேகப்படும் கோப்புகளை அவை அங்கேதான் அடைத்துவைக்குமாம். இரண்டாவதன் சிறையில், அர்டிஸின் ஊறுகாய்ப் பக்குவக் குறிப்புக்குப் பக்கத்தில், பட்டியல் கிடந்தது. கணினியோடு வந்த காவல்காரனைக்கொண்டு அதை ஒருமுறை சோதித்து, சுத்தம் என்று தெரிந்த பிறகே ஜாய்ஸ் வெளியே எடுத்தாள். வெர்லின் நாற்காலியில் சாய்ந்தார். இரண்டு நாளாக மறந்துபோயிருந்த மூச்சு ஒன்று அவரிடமிருந்து வெளியே வந்தது.

"ஏப்ரல் பதினாறு, ரெண்டு பதினாலு. யார் நெருக்கம்னு பார்ப்போம்" என்று விரலை ஓட்டிய ஜாய்ஸ், நின்றாள். "ரெண்டு பத்து. அர்டிஸ் டோர்விக்."

இருவரும் அர்டிஸ் பக்கம் திரும்பினார்கள்.

"என்னைப் பார்க்காதீங்க. கார் முழுகுனதிலேர்ந்து எனக்கு இதே கவலைதான்" என்றாள் அர்டிஸ்.

"அடுத்தது நாப்பது நிமிஷம் தள்ளி, வேற ஆளு" என்றாள் ஜாய்ஸ் மெதுவாக. "மார்ச் மூணுக்கு அப்புறம் இதை யாரும் தொடலைன்னு இதுலயே இருக்கு. நான் சாட்சி சொல்றேன்."

"லீராய்கிட்டப் போய் அதைச் சொல்லிப் பாரு!" அர்டிஸ் துணியை மேசைமேல் எறிந்தாள். "ரெண்டு நாள் பட்டியலைக் காணோம், கிடைச்சதும் பொண்டாட்டி ஜெயிச்சா. போன ஜென்மத்துக் கதையெல்லாம் சேர்த்துப் பேசுவாங்க. எனக்குப் படகு வேணாம், வெர்லின். அடுத்த பேரைப் போடு."

"போட்டா?"

"போட்டா நிம்மதி."

"போட்டா, நான் பட்டியல்ல கை வச்சவன்" என்றார் வெர்லின். "இப்ப வரைக்கும் அவங்க சும்மாத்தான் சந்தேகப்படுறாங்க."

அர்டிஸ் அவரையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய் அச்சு எந்திரத்தைத் தட்டி உயிர்ப்பித்தாள். அது எப்போதும் அவளுக்குத்தான் கட்டுப்படும். பதினான்கு பக்கங்கள், ஒவ்வொன்றாக, சூடாக வந்தன.

பட்டியல் வழக்கமாக ஒட்டப்படும் புழுக் கடை வாசலில் இருபது பேராவது நின்றார்கள். வெர்லினைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி வழி விட்டார்கள். லீராய் ஒட்டுநாடாவை நீட்டினான். கடைக் கண்ணாடி ஏப்ரல் ஈரத்தில் வியர்த்திருந்ததால் எதுவும் ஒட்டவில்லை. இரண்டு முறை நழுவியது. கடைசியில் அர்டிஸின் பெயர் இருந்த பக்கத்தை வெர்லின் இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். கைகளை விரித்து, முகம் கண்ணாடிக்கு, முதுகு ஊருக்கு.

தோளுக்குமேல் தலைகள் நெருங்கின. காப்பி மணக்கும் மூச்சுகள் கழுத்தில் பட்டன. ஒரு கையுறை விரல் வரிவரியாக இறங்கி, ஓரிடத்தில் நின்றது. பிறகு பின்னால் எங்கோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். அது எந்த மாதிரிச் சிரிப்பு என்று வெர்லினுக்குத் தெரியவில்லை. இன்னொருவரும் சேர்ந்துகொண்டார். கையை எடுத்தால் காகிதம் விழுந்துவிடும். திரும்பிப் பார்க்காமல் அவர் அழுத்திப் பிடித்தபடியே நின்றார், கண்ணாடியில் அவருடைய மூச்சு வட்டமாகப் படர்ந்துகொண்டிருந்தது.