தோளில் மிஞ்சிய நான்கு விரல்கள்

1

இந்தக் கதை என் கடையின் போட்டோகொபி மெஷினில் பிறந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. நாவலப்பிட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே, டைப் அடித்துப் பிரதி எடுத்துக் கொடுக்கும் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். ஆள் வராத நேரத்தில் கதை எழுதுகிறேன். பிரதேச சபைத் தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது வேட்பாளர் சந்திரகுமார் ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து, "அண்ணே, ஐந்நூறு போடுங்க" என்றார். வாங்கிக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்துப் பட்டனை அழுத்திவிட்டு, ஒரு கதையின் முதல் வரியை யோசிக்கப் போய்விட்டேன். நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பிய பிறகுதான், எல்லோரும் மறப்பதைப் போல அவரும் கண்ணாடியில் மறந்துவிட்டுப் போன மூலப்பிரதியைப் புரட்டிப் பார்த்தேன்.

அதில் ஒரு போட்டோ, போட்டோவில் யசோதினி இருந்தாள். தேயிலைத் தோட்டத்துப் பாலர் பாடசாலை ஆசிரியை. அவளும் வேட்பாளர், முதல் தடவை தேர்தல் கேட்கிறாள். தோட்ட ஒபிஸ் மேசையில் குனிந்து ஒரு தாளில் கையொப்பம் போடுகிறாள். தோட்ட மனேஜர், எங்கள் பேச்சில் துரை, இங்கே போடு என்று விரலால் காட்டுகிறார். கீழே கொட்டை எழுத்தில்: "உங்கள் வீட்டுக் காணியை எழுதிக் கொடுத்த கை இதுதான்!"

சுத்தப் பொய். எனக்கு எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.*

* கதை எழுதுகிறவன் "பிறகு" என்றால் எதையோ மறைக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கத்தை இதற்கு முன் இரண்டு முறை எழுதிப் பார்த்தேன்.

[விடாது பெய்த மழையில் அந்த மலைநகரம்...] நாவலப்பிட்டியில் மழை பெய்தது என்பது ஒரு செய்தியா?

[சந்திரகுமாரின் கண்களில் வஞ்சகம் மின்னி...] இல்லை. என் மகளுக்கு ரத்தம் தேவைப்பட்ட அன்று கண்டி ஆஸ்பத்திரிக்கு முதல் ஆளாக வந்து கையை நீட்டியவர் அவர். வில்லனாக்கப் பார்த்தேன், பேனா நகரவில்லை. நல்ல மனிதர், தேர்தல் முடியும் வரைக்கும் தன் மனச்சாட்சிக்கு லீவு கொடுத்திருந்தார், அவ்வளவுதான்.

மறுநாள் அவரிடமே கேட்டேன். "இது உண்மையா சந்திரகுமார்?"

"படம் உண்மைதானே அண்ணே? நானா வரைஞ்சேன்?"

3

நோட்டீஸ் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் போனது, பேஸ்புக்கிலும் ஏறியது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு பெண்தான் முதலில் கேட்டாளாம்: "ஆமா, டீச்சர் தோள்ல இருக்கிறது யாரு கை?"

உண்மைதான். யசோதினியின் இடது தோளில் நான்கு விரல்கள் இருந்தன. பக்கத்தில் நின்ற ஆளை வெட்டியவர் அவசரத்தில் விரல்களை விட்டுவிட்டார். அடுத்த நாளே பேஸ்புக்கில் திருத்திய பதிப்பு வந்தது. விரல்களை அழித்தவர் கூடவே பாதித் தோளையும் அழித்திருந்தார். கொடியில் ஒற்றைக் கிளிப்பில் தொங்கும் சட்டை மாதிரி இருந்தாள் யசோதினி. நான் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தபோது அவளே கடைக்குள் வந்தாள்.

"சிரிங்க அண்ணே, நல்லா சிரிங்க. லயத்துல யாரும் எனக்கு முகங் குடுத்துப் பேசுறாங்க இல்ல. ரெண்டு அம்மாமாரு பிள்ளைகள அனுப்புறதையே நிப்பாட்டிட்டாங்க."

சிரிப்பை விழுங்கினேன். "சந்திரகுமாரப் பத்தி எனக்கும் ஒரு கத தெரியும். போட்டுருவோமா?"

"அது உண்மையா?"

"பாதி உண்மை."

"இதுவும் பாதிதானே அண்ணே."

"அப்ப முழுப் படத்தையே போட்டுருவோம்."

"அதுல சீதா அக்கா இருக்கு. வேணாம்."

4

சீதா என்பது நான் வைத்த பெயர். அதே தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். படம் எடுத்த அன்று அவள் துரையிடம் ஒரு முறைப்பாடு எழுதிக் கொடுத்தாள். சாட்சியாகக் கையொப்பம் போட்டது யசோதினி. அந்த நான்கு விரல்கள் சீதாவுடையவை. முழுப் படத்தில் அவள் முகமும் இருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்தவர்கள் அவளுக்கு என்ன நடந்தது என்று கேட்காமல் விடமாட்டார்கள்.

என்ன நடந்தது என்று மூன்று விதமாக எழுதினேன். [அவள் புருஷன்...] [அந்தக் கங்காணி...] [கொழும்பில் வேலைக்கு நின்ற வீட்டில்...] மூன்றும் என் கற்பனை, மூன்றையும் வெட்டிவிட்டேன். ஆனால் அதற்குள் நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். நோட்டீஸ் வேலை செய்வதும் இப்படித்தான்.

5

"பிறகு" என்றேனே, அது இப்போது.

இந்தக் கதையில் நான் உங்களுக்குக் காட்டியதும் வெட்டிய படம்தான். என்னை வெட்டியிருந்தேன். சீதா தன் கோப்பில் வைக்க, அவள் போனில் எடுத்த அந்தப் படத்தின் பிரதி கேட்டு என் கடைக்குத்தான் அனுப்பியிருந்தாள். பிறகு அவள் போன் குளிக்கிற பீலித் தண்ணீரில் விழுந்து செத்தது. படம் என் கணினியில் மட்டும் மிஞ்சியது. சந்திரகுமார் ஏதோ டைப் செய்ய வேண்டும் என்று கதிரையில் உட்கார்ந்தபோது நான் பக்கத்துக் கடைக்குப் பிளேன்டீ குடிக்கப் போயிருந்தேன். படம் அவருக்குக் கிடைத்தது என் மேசையிலிருந்து.

இதை யசோதினியிடம் சொன்னபோது வெட்கமாக இருந்தது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இப்பவே அழிங்க அண்ணே. என் கண்ணு முன்னால."

அழித்தேன். [பென்டிரைவில் ஒன்று இருந்தது. இந்த அடைப்புக்குறியை அவள் பார்க்கவில்லை.]

பதிலை அவளே எழுதினாள். சந்திரகுமார் மறந்துபோன அதே நோட்டீஸ், அதன் கீழே: "படத்தில் இருப்பது நான்தான். கையொப்பமும் என்னுடையது. அது காணிப் பத்திரம் இல்லை. காணிப் பத்திரம்தான் என்றால் எந்தக் காணி, எந்தத் திகதி என்று சந்திரகுமார் அண்ணன் சொல்லட்டும். அன்று பக்கத்தில் இருந்தவரின் விஷயத்தை என் ஓட்டுக்காக நான் சொல்லமாட்டேன்."

"கொஞ்சம் காரமா ஒரு வரி சேர்ப்போமே?" என்றேன். எழுத்தாளன் புத்தி.

"காரம் வேணாம் அண்ணே. பதில் போதும்."

லயம் லயமாகத் தானே கொண்டுபோனாள். சிலர் கதவைத் திறந்தார்கள், சிலர் திறக்கவில்லை. எந்தக் காணி என்று கேட்டவர்களிடம் சந்திரகுமார், "விசாரிச்சுச் சொல்றேன்" என்றாராம். இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

6

கதையை அங்கேயே முடித்திருப்பேன். பிரசாரத்தின் கடைசி நாள் பின்னேரம் சீதா கடைக்கு வராமல் இருந்திருந்தால்.

"அண்ணே, அந்த முழுப் படம் இருக்கா?"

"யசோதினி அழிக்கச் சொல்லிருச்சு."

"அத நான் கேக்கல. இருக்கான்னு கேட்டேன்."

அவள் மேசையில் கையை வைத்தாள். அந்த நான்கு விரல்களை உடனே அடையாளம் கண்டேன்.

"என்னைய வெட்டிப் போட அந்த ஆளு என்கிட்ட கேக்கல. எனக்காக வாயப் பொத்திக்கிட்டு அடி வாங்க டீச்சரும் என்கிட்ட கேக்கல. ஐந்நூறு போடுங்க. நானே குடுக்குறேன்."

"நாளைக்கு ஊரே கேக்குமே சீதா."

"கேக்கட்டும்."

குரல் நடுங்கியது. பயமா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதினால் அது இன்னொரு நோட்டீஸ்.

பென்டிரைவைச் செருகி ஒரு பிரதி எடுத்தேன். ஐந்நூறுக்கும் பட்டனை அழுத்தினால் யசோதினி காத்த சொல் போகும். அழுத்தாவிட்டால், சீதாவிடம் கேட்காமல் அவளுக்காக முடிவெடுத்த மூன்றாவது ஆள் நான். தேர்தலில் யார் வென்றார் என்று சொல்லப் போவதில்லை. அதைச் சொன்னால், யசோதினி செய்தது சரியா என்று அந்த ஓட்டு எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்பெழுதிவிடுவீர்கள்.

இந்த முறை தாளைக் கவிழ்ப்பதற்கு முன் முழுவதும் பார்த்தேன். நீங்கள் பார்க்கவில்லை. பார்க்காமலே யசோதினியை நம்பினீர்களா, அல்லது இன்னும் அந்தப் படத்துக்காகத்தான் காத்திருக்கிறீர்களா?

தாள் கண்ணாடியில் இருக்கிறது. பச்சை விளக்கு எரிகிறது. சீதா என்னைப் பார்க்கவில்லை, உங்களைப் பார்க்கிறாள். பட்டனை நோக்கி விரலை நீட்டுங்கள், அல்லது அவளிடம் ஏன் முடியாது என்று நீங்களே சொல்லுங்கள்.