நான்காவது தராசு

இந்திரகுமார் பிரேக்கை மிதித்ததுதான் தாமதம், கார் பள்ளத்தைப் பார்க்கத் தொடங்கியது.

இடது வளைவு. வலது பக்கம் தடுப்பு எதுவும் இல்லை. கீழே இறப்பர் மரங்களின் உச்சிகள் மட்டும் தெரிந்தன. ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பியாகிவிட்டது. சக்கரங்களும் திரும்பியிருக்கத்தான் வேண்டும். ஆனால் கார் நேராகவே போனது. யாரோ முன்புறம் கயிறு கட்டிப் பள்ளத்துக்கு இழுப்பது போல.

பிரேக்கை விட்டான். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முன்சக்கரங்கள் கல்லைக் கடித்தன. பின்புறம் உதறியது. வலது பின்சக்கரம் விளிம்பு மண்ணைச் சரித்துக்கொண்டே மேலே ஏறி, கார் றோட்டுக்கு வந்து சேர்ந்தது.

வளைவின் மேலே கூடியிருந்த லயத்துச் சனம், தோட்டத்து வரிசை வீட்டு ஆட்கள், கை தட்டியது. ஏதோ வித்தை காட்டினான் என்று நினைத்துவிட்டார்கள் போலும்.

வித்தை அல்ல என்பது உச்சியில் நின்ற ஒருவருக்குத் தெரிந்திருந்தது. கபூர் ஹாஜியார். இரத்தினபுரியில் மாணிக்கக்கல் வியாபாரம். இந்தச் சிவப்பு ஸ்டார்லெட் அவருடையது. இந்திரகுமாரை விட நான்கைந்து வயதுதான் இளையது. 2003இல் அதை மலையேற்றக் கார்ப் பந்தயத்துக்கு எடுத்து வருகிறார் என்றதும் ஊரில் சிரிக்காதவர்கள் இல்லை.

"தம்பி, நீ கீழ இருந்து வாரதப் பாத்துட்டுத்தான் ஈக்கிறேன்," என்றார். "நீ கார ஓட்டல்ல. கார் ஒன்ன ஓட்டுது."

"ஹாஜியார், ஒரு மணித்தியாலம் தாங்க. சரி பண்ணிடுறேன்."

"இது ஒத்திகதானே, பகல் சாப்பாட்டுக்குப் பொறகுதான் பந்தயம். அதுக்குள்ள சரி வந்தா நீ ஏறு. இல்லாட்டி இவரு ஏறுவாரு."

இவர் என்றது, பக்கத்தில் கையுறை மாட்டியபடி நின்ற கொழும்பு டிரைவரை. நல்ல மனிதர்தான். இந்திரகுமாரைப் பார்த்துச் சங்கடமாகப் புன்னகைத்தார். அந்தப் புன்னகைதான் சுட்டது. இந்த வருடத்துப் பந்தயங்கள் அத்தனைக்கும் அந்த சீட் யாருக்கு என்பது இன்று மாலையோடு முடிவாகிவிடும். நிவித்திகல கராஜில் கிரீஸ் துடைத்துக்கொண்டே ஒரு வருடமாக அந்தக் காரின் அடியில் படுத்துக் கிடந்தவன் அவன். கிரிமுல்லை தோட்டத்து லயத்திலிருந்து பந்தயக் காரில் ஏறிய முதல் ஆளும் அவன்தான். கடைசி ஆளாகவும் ஆகிவிடலாம்.

காரை இறக்கிக்கொண்டு கொழுந்து மடுவத்துக்கு விரட்டினான். மற்ற நாட்களில் பெண்கள் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொட்டகை அது. ஞாயிறு என்பதால் காலியாக இருந்தது. சீமெந்துத் தரையில் நான்கு இரும்பு மேடைத் தராசுகள் நேற்று வைத்த இடத்திலேயே இருந்தன. பக்கத்தில் அவன் மனைவி தர்மிளா, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"பள்ளத்துல போய் விழப் பாத்தீங்களாமே. வழி சொல்ல ஒரு ஆளும் இல்லியா அங்க?"

"கார் திரும்ப மாட்டேங்குது தர்மிளா. வலது வளைவுல தலைகால் தெரியாம திரும்புது. இடது வளைவுல செத்த பொணம் மாதிரி போகுது."

"நேத்து எல்லாம் சரியாத்தானே காட்டுச்சு."

சரியாகத்தான் காட்டியது. அதுதான் புதிர்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிய, அதிர்வு தாங்கும் பழைய ஷொக்குகளை வெட்டி, மரையிட்ட குழாயை அவற்றின் மேல் ஒட்டவைத்து, குழாயில் ஒரு வளையமும் வளையத்தின் மேல் ஸ்பிரிங்கும் ஏற்றியிருந்தான். கொயிலோவர் என்று பந்தயக்காரர்கள் சொல்லும் அமைப்பு. பின்புறம் ஷொக்கும் ஸ்பிரிங்கும் தனித்தனி. அங்கேயும் ஸ்பிரிங்குக்கு அடியில் மரை வைத்துவிட்டான். வளையத்தை மேலே திருகினால் அந்த மூலை உயரும். கீழே இறக்கினால் தாழும். இது குழந்தைக்கும் புரியும்.

புரியாதது, நேற்று பின்னேரம் தர்மிளாவின் கண் முன்னால் நடந்தது. ஒவ்வொரு சக்கரமும் ஒரு தராசின் மேல். டிரைவர் சீட்டில் அவனுக்குப் பதிலாக ஒரு மணல் மூட்டை.

"ஒங்க எடத்துல மூட்டை நல்லாத்தான் இருக்கு," என்று அவள் சிரித்தாள். "எதிர்த்துப் பேச மாட்டேங்குது."

அவன் முன் இடது சக்கரத்தின் வளையத்தை ஒரு சுற்று மேலே திருகினான். முன் இடது தராசில் எடை ஏறியது. சரி. ஆனால் அதே நேரம், காரின் மறுகோடியில், அவன் விரல்கூடப் படாத பின் வலது தராசின் கம்பி தானாக மேலே எழும்பியது. மற்ற இரண்டும் தாழ்ந்தன.

தர்மிளாவின் சிரிப்பு நின்றுவிட்டது. காரைச் சுற்றி நடந்து போய்ப் பின் வலது தராசைக் குனிந்து பார்த்தாள். "இங்க யாரு கை வச்சா?"

"யாரும் வைக்கல. ஆடுற ஸ்டூலுக்கு ஒரு கால்ல அட்டை வச்சா, எதிர்க்காலும் சேந்து தரையில அழுந்தும்ல. அதேதான்."

"இன்னொருவாட்டி திருப்புங்க."

திருப்பினான். கம்பி மறுபடி எழும்பியது. அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கோயிலில் தீபம் பார்ப்பவள் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பெரிய இரும்புக்குள் ஒரு எடை கண்ணுக்குத் தெரியாமல் மூலைக்கு மூலை நடக்கிறது. ஒரு வருடமாக இதோடு புரண்டவனுக்கும் ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கத்தான் செய்தது.

இடப்புறமும் வலப்புறமும் ஒத்து வரும் வரை வளையங்களைத் திருகி முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அப்படிச் சமன் செய்த கார்தான் இன்று பள்ளத்தைத் தேடியது.

"திரும்ப நிறுப்போம்," என்றான்.

நேற்று காரைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்து ஏற்றியிருந்தார்கள். இன்று அவசரம். வந்த வேகத்தில் முன்பக்கமாகவே ஏற்றிவிட்டான். மணல் மூட்டையைச் சீட்டில் போட்டான். தர்மிளா தராசு தராசாகப் போய் எண்களைச் சொன்னாள்.

ஒன்றும் ஒத்து வரவில்லை. முன் இடது குறைந்திருந்தது. பின் வலது கூடியிருந்தது.

"ஒரு வளையத்தையும் தொடலியே," என்றான்.

"கார் தலைமாடு கால்மாடா மாறி நிக்கிது பாருங்க. நேத்து முன் இடதுக்கு இருந்த தராசு இப்ப பின் வலதுக்குக் கீழ இருக்கு."

இந்திரகுமார் குனிந்து பின் வலது தராசைப் பார்த்தான். சக்கரம் மாறவில்லை. தராசுதான் மாறியிருக்கிறது.

மணல் மூட்டையை இழுத்து இறக்கினான். ஒவ்வொரு தராசிலும் அதே மூட்டையை வைத்தான். முதல் தராசு, இரண்டாவது, மூன்றாவது, மூன்றும் ஒரே எடையைச் சொன்னன. நான்காவது மட்டும் தெளிவாகக் கூட்டிச் சொன்னது.

"முக்தார் நானாவோட தராசு," என்றான் பல்லைக் கடித்தபடி.

மூன்று தராசுகள் தோட்டத்தின் மூன்று பிரிவுகளின் மடுவங்களிலிருந்து வந்தவை. கணக்கப்பிள்ளை இராமசாமி தாராளமாகத் தந்திருந்தார். "டயருக்கு என்ன, கொழுந்து நிறுத்து நாள் பேரா போடப் போறீங்க, சம்பளம் குடுக்க? எடுத்துக்கிட்டுப் போங்க. திங்கக்கெழம காலைல இருந்தாப் போதும்." நான்காவது தராசு, நிவித்திகல சந்தியில் பழைய இரும்பு வாங்கும், ஊரார் அண்ணன் முறைக்கு நானா என்று அழைக்கும் முக்தாரிடம் இரவல் வாங்கியது. அந்தத் தராசைப் பற்றி ஊரில் இல்லாத கதை இல்லை. தலையை வைத்தாலும் பாதிதான் காட்டும் என்பார்கள். முக்தார் காதில் விழ, அவர் கடை வாசலிலேயே நின்று சொல்வார்கள்.

"மூணு பேர் ஒரே வாயா சொல்றாங்க. பொய் சொல்றது அந்த ஒண்ணுதான்," என்றான். "நேத்து அது முன் இடதுல இருந்துச்சு. இல்லாத எடைய இருக்குன்னு காட்டியிருக்கு. நானும் நம்பி அந்த மூலைய லேசா விட்டுட்டேன்."

தர்மிளா குனிந்து அதன் கம்பியில் எண்ணைத் திரும்பப் படித்தாள். நான்காவது தராசின் மேல் கிடந்த மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கும் வாய் ஓயாதவள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. வேலையப் பாருங்க. நேரம் போகுது."

முக்தாரின் தராசைக் காலால் ஒதுக்கித் தள்ளினான். தோட்டத்துத் தராசுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற சக்கரங்களுக்குக் கீழே அதே உயரத்துக்குப் பலகை அடுக்கி, சக்கரம் சக்கரமாக நிறுத்தான். கொக்கி ஸ்பேனரால் முன் இடது வளையத்தை ஏற்றினான். பின் வலது தானே ஏறியது. வியர்வை கண்ணில் வழிய, கடைசிச் சக்கரமும் ஒத்து வந்தபோது வெளியே ஒலிபெருக்கி அவன் பெயரைக் கூப்பிட்டது.

தொடக்கக் கோட்டில் கொடி பிடித்தவர் ஜன்னலில் தட்டினார். "ஹரி மல்லி, யன்ன," என்றார் சிங்களத்தில்; சரி தம்பி, போ என்று.

போனான்.

முதல் வளைவு வலது. கார் திரும்பியது, தேவையான அளவுக்கு மட்டும். அடுத்தது ஃபெக்டரிக்குக் கீழே உடைந்து கிடக்கும் நூறு யார் தூரத்து றோட்டு. லொறிகள் ஒவ்வொரு குழியாகத் தேடி விழும் இடம். அவன் முதுகை இறுக்கிக்கொண்டான். குழிகள் வந்தன. சக்கரங்கள் இறங்கி ஏறுவது கேட்டது. ஆனால் அவன் உட்கார்ந்திருந்த இடம் அசையவில்லை. கீழே நான்கு ஸ்பிரிங்குகள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. மேலே கார், தூங்கும் பிள்ளையைத் தூக்கிப் போகும் தாயின் தோளைப் போலப் போனது. தன் கையால் வெட்டி ஒட்டிய இரும்புதான் இது என்பதை அவனால் நம்ப முடியவில்லை.

பிறகு அந்த இடது வளைவு.

பள்ளம் தெரிந்தது. இறப்பர் உச்சிகள் தெரிந்தன. காலையில் சரிந்த மண் இன்னும் ஈரமாக இருந்தது. பிரேக்கை மிதித்தான்.

கார் குனிந்தது. நான்கு மூலைகளும் ஒன்றாகக் குனிந்தன. ஸ்டியரிங்கைத் திருப்பினான் என்று சொல்வதுகூடத் தவறு; திருப்ப நினைத்தான், அதற்குள் மூக்கு உள்ளே போய்விட்டது. றோட்டே அவனுக்காக வளைந்து கொடுத்தது போல இருந்தது. பள்ளம் ஜன்னலுக்கு வெளியே ஒரு பச்சைக் கோடாக ஓடி மறைந்தது. இஞ்சின் அலறிக்கொண்டிருந்தது. ஆனால் அவனுக்குள் ஒரு பெரிய அமைதி. இருபத்தெட்டு வருடம் இந்த மலையில் இருந்திருக்கிறான். மலை இத்தனை மிருதுவாக இருக்கும் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை.

உச்சியில் நிறுத்தி இறங்கினான். சனம் கை தட்ட மறந்து நின்றது. நேரம் அறிவித்தார்கள். அந்தக் கார் வகுப்பில் அன்று அதைவிட வேகமாக ஒருவரும் ஓடவில்லை.

கொழும்பு டிரைவர் கையுறையைக் கழற்றினார். குந்தி உட்கார்ந்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, இன்னும் சூடு ஆறாத ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்தார். "மேக்க ஹெதுவே கவுத?" என்று கேட்டார். இதைச் செய்தது யார் என்று.

ஹாஜியார் இந்திரகுமாரைக் காட்டினார். அந்த மனிதர் எழுந்து, அவன் கிரீஸ் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"சீட் ஒனக்குத்தான்," என்றார் ஹாஜியார். "வருசம் பூரா. வேற பேச்சு இல்ல."

இதை யாரிடம் முதலில் சொல்ல வேண்டுமோ அவள் கூட்டத்தில் இல்லை. மடுவத்துக்கு ஓடினான்.

உள்ளே தர்மிளா. அவளுக்கு எதிரே முக்தார், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு. தராசை எடுத்துப் போக லொறியோடு வந்திருந்தார்.

"வாங்க வாங்க, பெரிய டிரைவர்," என்றார். "ஏன்ட தராசு பொய் சொல்லுதுன்னு இங்க நின்னு சொன்னீங்களாம். என் முன்னுக்கும் ஒருக்கா சொல்லுங்களே. ஊர்ல எல்லாரும் சொல்லியாச்சு, நீங்கதான் பாக்கி."

"நானா, கோவிச்சுக்காதீங்க. நிறுத்துப் பாத்துட்டுத்தான் சொன்னேன். மூணுக்கும் ஒண்ணு ஒத்து வரல."

"இருங்க," என்றாள் தர்மிளா. அவள் குரலில் கிண்டல் இல்லை. "நான் காலைலயே சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தா அந்த வளைவுல ஒங்க மனசு றோட்டுல இருந்திருக்காது. அதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

"என்னத்த?"

"முக்தார் நானா இரும்பு விக்கிறவரில்ல, வாங்குறவரு. ஏமாத்துற தராசுன்னா கொறச்சுத்தானே காட்டணும். இது கூட்டில்ல காட்டுது. நட்டம் அவருக்குத்தானே?"

இந்திரகுமார் நான்காவது தராசைத் திரும்பிப் பார்த்தான்.

முக்தாரின் லொறியில் அவர் வீட்டு வேலைக்கு வாங்கிய சீமெந்து மூட்டை ஒன்று இருந்தது. வாய் பிரிக்காத மூட்டை. ஐம்பது கிலோ என்று மேலே அச்சடித்திருந்தது. அவரும் தர்மிளாவும் அதை ஏற்கனவே இறக்கி வைத்திருந்தார்கள். இப்போது முக்தாரின் தராசில் ஏற்றினார்கள். கம்பி ஐம்பதில் அசையாமல் நின்றது.

மேல் பிரிவின் தராசில் ஏற்றினார்கள். நாற்பத்தேழு.

நடுப் பிரிவு. நாற்பத்தேழு.

கீழ்ப் பிரிவு, தர்மிளா தினமும் தான் பறித்த கொழுந்தை நிறுக்கக் கொடுக்கும் தராசு. நாற்பத்தேழு.

வெளியே அடுத்த கார் மலையேறும் சத்தம் கேட்டு ஓய்ந்தது. முக்தார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

தர்மிளா முதல் தராசின் கம்பியைச் சாய்த்து, அதில் நகரும், கனம் கூடினால் எடையைக் குறைத்துக் காட்டும் இரும்புக் குண்டின் அடிப்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினாள். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது.

மூன்றிலும், ஒரே அளவாக, ஈயம் உருக்கி ஊற்றப்பட்டிருந்தது.